உமா சொல்லாமல் விட்ட புகார்கள்

அன்புள்ள சேகர்,

உமாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது, நீ பேப்பருக்கு எழுதிய மரண அறிவிப்பில் நான் இங்கிலீஷ் பிழை திருத்திக்கொண்டிருந்தேன் என்று உன் அத்தை எல்லாரிடமும் சொல்லிவருகிறாள். "பொண்ணு அங்க கெடக்கறா, இவ பேனாவ எடுத்து வெச்சுக்கிட்டு கிராமர் பாக்கறா" என்று அவள் சொன்னது சுற்றிச் சுற்றி, மாடவீதியில் காய் வாங்கப் போன என் காதுக்கே வந்துசேர்ந்தது. அது உண்மை இல்லை. நீ எழுதியதில் இங்கிலீஷ் பிழை ஒன்றுகூட இல்லை. உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவள் நான், எனக்குத் தெரியாதா? நான் அடித்தது ஒரே ஒரு தொடரை. 'ஆஃப்டர் எ ப்ரீஃப் இல்னஸ்.' சில நாள் நோயுற்றிருந்து என்று பொருள். இலக்கணப்படி அது சரி. உண்மைப்படி தவறு. அந்த வித்தியாசத்தை அத்தனை பேர் நடுவில் உனக்கு விளக்க என்னால் முடியவில்லை. நீ என் கையிலிருந்த பேனாவைப் பார்த்தாய். "இன்னிக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டாய். மறுநாள் பேப்பரில் அந்தத் தொடர் இல்லாமல்தான் அறிவிப்பு வந்தது. நான் அடித்ததை நீ மதித்தாய். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

வேளச்சேரியிலிருந்து மயிலாப்பூருக்கு ரயிலில் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ வரவில்லை. நித்யாதான் நாள் தவறாமல் போன் செய்கிறாள். "அத்தை, மாத்திரை போட்டீங்களா? ராத்திரிக்கு என்ன பண்ணிக்கிட்டீங்க?" என்று கேட்கிறாள். பின்னால் நீ தொண்டையைச் செருமுவது எனக்குக் கேட்கிறது. பெண்டாட்டியை விட்டு அம்மாவை விசாரிக்கச் சொல்லும் பிள்ளையாக நீ ஆகிவிட்டதில் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஒன்று என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லிவிடலாம் என்று எடுத்தேன், வைத்துவிட்டேன். போனில் நீ 'ம்' என்பாய். 'ம் என்ன ம், வாயைத் திறந்து பேசு' என்று நான் சொல்லிவிடுவேன். அதோடு முடிந்துபோகும். இந்தக் கடிதத்தை யார் படித்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. உன் அத்தையிடமும் காட்டு.

கொஞ்சம் பின்னால் போய்த்தான் சொல்லவேண்டும். உன் அப்பா போனபோது நீ ஏழாவது படித்துக்கொண்டிருந்தாய், உமா ஐந்தாவது. நான் அதுவரை வேலைக்குப் போனவள் இல்லை. கான்வென்ட்டில் படித்தவள், இங்கிலீஷ் நன்றாக எழுதுவாள் என்று சொல்லி அப்பாவின் நண்பர் ஒருவர் நந்தனத்தில் ஒரு மின்விசிறிக் கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட்டார். புகார்ப் பிரிவு. ஃபேன் சுற்றவில்லை, சுற்றினால் சத்தம் போடுகிறது, இறக்கை ஆடுகிறது என்று எழுதுகிறவர்களுக்கெல்லாம் பதில் எழுதுவது என் வேலை. உனக்கு அது ஒரே வேடிக்கை. "அம்மா ஆபீஸ்ல எல்லாரும் வரிசையா வந்து அழுவாங்க, அம்மாதான் கண்ணத் தொடைச்சு விடணும்" என்று உமாவிடம் சொல்லிவைத்திருந்தாய். அவள் நம்பிவிட்டாள். நான் கிளம்பும்போது கைக்குட்டை ஒன்றை அதிகமாக மடித்து என் பையில் வைத்தாள். எதற்கு என்று கேட்டேன். "வர்றவங்களுக்கு" என்றாள்.

முதல் சில மாதங்கள் நான் அங்கே பட்டது உங்கள் இருவருக்கும் தெரியாது. அதுவரை என்னை யாரும் திருத்தியதில்லை. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு எப்போதும் எனக்குத்தான் பரிசு. அங்கே என்னைவிட வயதில் சின்னவரான மேனேஜர் நான் டைப் செய்த கடிதத்தைத் தூக்கிப் பிடித்து, "மேடம், கெபாசிட்டர் மாத்தித் தரோம்னு சொல்றதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய லெட்டர்? கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். உமா வைத்த கைக்குட்டை அன்று எனக்கே பயன்பட்டது. ஆனால் நான் கற்றுக்கொண்டேன். சுருக்கமாக எழுதக் கற்றுக்கொண்டேன், பஸ்ஸில் பின்பாதியில் ஏறாமல் முன்பாதியில் ஏறக் கற்றுக்கொண்டேன், ஆண்கள் நடுவில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறக்கக் கற்றுக்கொண்டேன். அவர்களிடம் இருந்த ஒரு விதியையும் கற்றுக்கொண்டேன். யாராவது போன் செய்து புகார் சொன்னால் கேட்கக் கூடாது. எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிடவேண்டும். "பாதிப் பேரு எழுதவே மாட்டாங்க மேடம். எழுதலைன்னா கம்ப்ளெயின்ட்டே இல்லைன்னு அர்த்தம்" என்று மேனேஜர் விளக்கினார். எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

வீட்டில் வேலைகளைப் பிரித்துக் கொடுத்திருந்தேன், நினைவிருக்கும். தண்ணீரும் பாலும் உனக்கு. பாத்திரம், பெருக்குவது, அரிசி களைந்து குக்கரில் வைப்பது உமாவுக்கு. தண்ணீர் கனமான வேலை, நீ பெரியவன், ஆண்பிள்ளை, அதனால் உனக்கு. எவ்வளவு நியாயமான பங்கீடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் இருவரில் ஒருவரைத்தான் இங்கிலீஷ் பள்ளியில் தொடர்ந்து வைத்திருக்க முடிந்தது. உன்னை வைத்தேன். உமாவைத் தெருக்கோடித் தமிழ்ப் பள்ளிக்கு மாற்றினேன். பக்கத்திலேயே பள்ளி, சீக்கிரம் வந்துவிடுவாள், அடி பம்ப்பில் தண்ணீர் வரும் நேரத்துக்கு வீட்டில் ஆள் இருக்கும் என்று காரணம் சொன்னேன். தண்ணீர் உன் வேலை என்று பிரித்தவளும் நான்தான், தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டில் இருக்கப்போகிறவள் அவள் என்று தெரிந்துவைத்திருந்தவளும் நான்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

சாயங்காலம் நான் இரண்டு மாடி ஏறி வருவதற்குள் உங்கள் இருவர் சத்தமும் படிக்கட்டு வரைக்கும் இறங்கி வந்துவிடும். செருப்பைக் கழற்ற விடமாட்டீர்கள். "அம்மா, இவன் இன்னிக்கும் தண்ணி புடிக்கலம்மா. நானேதான் அத்தனை கொடமும் தூக்கினேன்." "புளுகும்மா. அரைக் கொடம் அரைக் கொடமா எடுத்துட்டு வந்தா. வழியெல்லாம் சிந்தி, மாடிப்படியே வழுக்குது." "பம்ப்புல பூக்காரம்மா கேட்டாங்க, 'இன்னா பாப்பா, நீயே தூக்கினு போற, உங்கண்ணன் இன்னா கலெக்டரா'ன்னு." "கலெக்டராத்தான் ஆவேன். நீ எனக்குத் தண்ணி எடுத்துட்டு வா, குட்டச்சி." "போடா, நெட்டக்கொக்கு." நாள் முழுதும் அடுத்தவர் வீட்டு ஃபேனுக்காகத் திட்டு வாங்கிவிட்டு வருகிறவளுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது உனக்கே தெரியும். நீயும் வேலைக்குப் போய்வருகிறவன்தானே. ஒருநாள் கதவில் கைவைத்தபடியே நின்று அந்தச் சட்டத்தைப் போட்டேன். இனிமேல் ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்வதாக இருந்தால் இங்கிலீஷில் சொல்லவேண்டும். முழு வாக்கியமாகச் சொல்லவேண்டும். தமிழில் சொன்னால் காதில் வாங்கமாட்டேன்.

எனக்கு அது புதிதாகப் படவில்லை. எங்கள் பள்ளியில் வளாகத்துக்குள் தமிழில் பேசினால் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிடுவார்கள். அடுத்தவள் தமிழில் பேசிப் பிடிபடும் வரைக்கும் அது நம் கழுத்தில் தொங்கும். என் கழுத்தில் அது ஒருநாளும் தொங்கியதில்லை. இதை உங்களிடம் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பசி, தலைவலி, வயிற்றுவலி எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொல்லிச் சொல்லித்தான் நாங்கள் இங்கிலீஷ் கற்றோம். இங்கிலீஷில் சொல்லத் தெரியாத வலியை என்ன செய்தோம் என்று நான் யோசித்ததில்லை. என்னிடம் அப்படி ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. இங்கிலீஷ்தான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, அது உங்களுக்கும் வந்துவிட்டால் பிழைத்துக்கொள்வீர்கள் என்று நினைத்தேன். ஆபீஸ் விதியையும் பள்ளிக்கூட விதியையும் சேர்த்து ஒரே விதியாக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

உனக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி. மறுநாளே கையைக் கட்டிக்கொண்டு நின்றாய். "உமா ஹேஸ் நாட் ஸ்க்ரப்ட் த குக்கர் ப்ராப்பர்லி. மோர்ஓவர், ஷி இஸ் டெல்லிங் லைஸ்." அந்த 'மோர்ஓவர்' கேட்டு எனக்குப் பெருமை தாங்கவில்லை. தீர்ப்பு உன் பக்கம். குக்கரை அவள் மறுபடி தேய்த்தாள். பிறகு அவள் முறை வந்தது. பாவாடை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. "ஹி... ஹி இஸ்... ஹி இஸ் நாட் வாட்டரிங்" என்றாள். நீ தரையில் விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். நாம் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். அதன் பிறகு நான், "ஹி டிட் நாட் ஃபெட்ச் த வாட்டர். எங்க, மறுபடி சொல்லு" என்றேன். அவள் தடுமாறித் தடுமாறிக் கடைசியில் சரியாகச் சொல்லிவிட்டாள். "குட்" என்று சொல்லி உள்ளே போனேன். தண்ணீர் யார் பிடித்தது என்று கேட்கவில்லை. வாக்கியம் சரியாகிவிட்டதால் விஷயம் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியிருக்கிறது.

'நாட் வாட்டரிங்' நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. யாராவது வேலையைத் தட்டிக்கழித்தால் நாட் வாட்டரிங். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறாமல் நழுவுகிற மாமா நாட் வாட்டரிங். அதைச் சொல்லிச் சிரிப்பவர்களில் முதல் ஆள் உமாதான். ஆனால் புகார் சொல்வது நின்றுவிட்டது. நீ கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தாய், எதிர்ப்பக்கம் வாதாட ஆள் இல்லாததால் உனக்கும் சலித்துவிட்டது. நான் வீடு வந்தால் குடங்கள் நிரம்பியிருக்கும், பாத்திரம் கவிழ்த்து வைத்திருக்கும், இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பீர்கள். காபி போட்டுக்கொண்டு ஜன்னலருகே உட்காருவேன். அந்த அமைதி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா? ஆபீஸில்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டேன். மேனேஜர், "பாத்தீங்களா மேடம், நான் சொன்னேன்ல" என்றார்.

ஒருநாள் பலத்த மழையினால் ஆபீஸை மதியமே விட்டுவிட்டார்கள். நனைந்த புடவையோடு படியேறி வருகிறேன், உள்ளேயிருந்து உங்கள் குரல். அப்படி ஒரு சண்டையை நான் கேட்டதே இல்லை. "டேய், துணி உன் முறைடா, நீதான் எடுக்கணும்." "நீ மடிக்கறன்னா நான் எடுக்கறேன்." "நேத்தும் இப்படிச் சொல்லித்தான் ஏமாத்தின." "நேத்து வேற, இன்னிக்கு வேற. சரி வா, ஒத்தையா ரெட்டையா பாக்கலாம்." ஏதோ விழுந்தது, உமா கத்தினாள், பிறகு இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தீர்கள். தமிழ், எல்லாம் தமிழ். சட்டம் வந்த பிறகு என் முன்னால் உன்னை 'அண்ணா' என்று கூப்பிடுகிறவள் உள்ளே உன்னை வாடா போடா என்று வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். நான் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். சட்டென்று எல்லாம் நின்றுபோயிற்று. ஈரத்துணி மூட்டையின் மேல் நீ உட்கார்ந்திருந்தாய், அவள் எழுந்து நின்றாள். "குட் ஆஃப்டர்நூன், அம்மா" என்றாய். அன்று அதை ஒழுக்கம் என்று நினைத்தேன். எனக்கு ஒரு வாசலும் உங்களுக்கு ஒரு வீடும் தனித்தனியாக ஆகிவிட்டது என்று புரியவில்லை.

புரியவேண்டிய இன்னொரு தருணமும் வந்தது. அந்தப் பெருவெள்ளத்தில் வேளச்சேரியில் உன் வீட்டுக்குள் தண்ணீர் வந்து, கோட்டூர்புரத்தில் ஆறு ஏறி உமாவின் தெருவும் மூழ்கி, இரண்டு குடும்பமும் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தீர்களே, அப்போது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மொட்டைமாடியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில் பாத்திரம் தேய்க்க வேண்டும். சமையலறையில் உங்கள் இருவர் குரலும் கேட்டது. "நீ தேய், நான் அலசறேன்." "எப்பவும் ஈஸியானத நீ எடுத்துப்ப. சார் இஸ் நாட் வாட்டரிங்." "நரைச்சுப் போச்சு, இன்னும் அத விடமாட்டியா குட்டச்சி?" நான் ஆசையாக எழுந்து வந்தேன். வாசற்படியில் என் நிழல் விழுந்ததுமே இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டீர்கள். நாற்பதைத் தொட்ட பிள்ளைகள். "என்னம்மா, காபி வேணுமா?" என்று கேட்டாள் உமா. ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிவிட்டேன். பேசுங்கள், நானும் கேட்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இப்போது ஆஸ்பத்திரி விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் முதல் நாள் அவளிடம், "எவ்ளோ நாளா இந்தக் கட்டி இருக்கு?" என்று கேட்டபோது நீயும் இருந்தாய். "கொஞ்ச நாளாத்தான் டாக்டர்" என்றாள். நீ அதைத்தான் கேட்டாய், அதைத்தான் பேப்பருக்கும் எழுதினாய். டாக்டர் போன பிறகு நீயும் மாப்பிள்ளையும் பணம் கட்டக் கீழே போனீர்கள். நான் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். "உண்மையைச் சொல்லு" என்றேன். அவள் போர்வை ஓரத்தை விரலில் சுருட்டினாள். "ரெண்டு வருஷம் இருக்கும்மா. மொச்சக்கொட்ட அளவுல இருந்தப்பவே தெரியும்." "ஏன்டி சொல்லல? யாருகிட்டயுமா சொல்லல?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இங்கிலீஷ்ல வரலம்மா" என்றாள்.

விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தாள், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கவில்லை. "கோவமாம்மா?" என்று கேட்டாள். அதற்குள் நீ பிளாஸ்க்கில் காபியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாய். இந்த முறை வாயை மூடிக்கொண்டது நானும் அவளும். நீ, "என்ன ரகசியம்?" என்றாய். "உன்னப் பத்தித்தான்டா, வேறென்ன" என்றாள். அதற்குப் பிறகு அவளோடு எனக்குத் தனியாகப் பேச நேரம் வாய்க்கவில்லை. யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருந்தார்கள், அப்புறம் அவளால் பேச முடியவில்லை. கோபமா என்று அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை, சேகர்.

ஒரு வேடிக்கைப் பேச்சை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா என்று நீ கேட்பாய். பயந்து மறைத்திருப்பாள், வீட்டு வேலையும் அவள் பார்த்த ஸ்கூல் வேலையுமாகத் தள்ளிப்போட்டிருப்பாள், ஆயிரம் காரணம் இருந்திருக்கும் என்பாய். இருந்திருக்கும். ஆனால் என்னிடம் அவள் சொன்ன காரணம் அது ஒன்றுதான். அந்தச் சட்டமே தவறு என்று இன்னும் முழுமனதாக ஒத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. வேலை முடிந்து வருகிற ஒருத்திக்கு வாசலில் சற்று நேரம் அமைதி வேண்டும், அது பாவம் இல்லை. ஆனால் அவளை வைத்திருந்த கூடத்தில் நீ எழுதிய தாளில் 'ப்ரீஃப்' என்ற சொல்லைப் பார்த்தேன். இரண்டு வருடம் அவள் ஒருத்தியாகவே தூக்கிக்கொண்டு மாடி ஏறியதை, கொஞ்ச நாள் என்று ஊருக்கே அச்சடித்துச் சொல்ல என்னால் விடமுடியவில்லை. அதனால் அடித்தேன். கிராமருக்காக இல்லை.

உன் குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். போன தீபாவளிக்கு வந்தபோது நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். நித்யா மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து யார் துணி காயப்போடுவது, யார் பாத்திரம் எடுத்து வைப்பது என்று இரண்டும் ஓயாமல் அடித்துக்கொண்டன என்றாய். "இப்ப சத்தமே கெடையாதும்மா. எதுவா இருந்தாலும் எனக்கு மெயில்ல போடுங்கன்னு சொல்லிட்டேன். உங்க ரூல்தான்" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கத்தோடு சொல்கிறேன். உமா அப்போது அடுப்பருகே வடை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பவில்லை. அப்போதே அது அவள் உடம்பில் இருந்திருக்கிறது. அந்த விதியை இன்றைக்கே எடுத்துவிடு. நீ ஷூவைக் கழற்றுவதற்குள் ஓடிவந்து கத்தட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கத்தட்டும். யார் சொல்வது சரி என்று நீ தீர்ப்புச் சொல்லவேண்டியதில்லை, யாருக்குக் கை வலிக்கிறது என்று மட்டும் பார். எது நன்றாகப் பேசுகிறதோ அதன் பக்கம் சாயாதே. சத்தம் இல்லாத வீட்டுக்கு நீ வந்து நுழைந்தால் சந்தோஷப்படாதே, யார் பேசவில்லை என்று தேடு. நித்யாவிடமும் சொல், நான் சொன்னேன் என்று.

இனி எனக்கு வேண்டியதைச் சொல்கிறேன். நான் நந்தனத்தில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலங்களில் நம் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி போய்விட்டாள். மீதி இருப்பது நீ ஒருவன்தான். நான் அவளைப் பெற்றேன், வளர்த்தேன் என்கிறேன், ஆனால் அவள் வளர்ந்த நேரமெல்லாம் உன்னிடம் இருக்கிறது. அவள் எதற்குக் கத்தினாள், எதற்கு அழுதாள், குடத்தை எந்த இடுப்பில் வைத்தாள், எந்தப் படியில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினாள், உன்னை என்னவெல்லாம் சொல்லித் திட்டினாள், நீ அவளை எப்படி ஏமாற்றினாய், பிறகு எப்படிச் சமாதானம் ஆனீர்கள், எதுவும் எனக்குத் தெரியாது. மழை நாளில் படிக்கட்டில் நின்று கேட்டது மட்டும்தான் என் பங்கு. உன்மேல் குற்றம் கண்டுபிடிக்கக் கேட்கவில்லை. நீ அப்போது சின்னப் பையன், தமிழில் சொல்லாதே என்று சொன்ன பெரியவள் நான்.

அவள் சொல்லாமல் விட்ட புகார்களை நீ எழுது. உன்மேல் அவள் சொல்லியிருக்கக்கூடியதை எழுது. என்மேலும் சொல்லியிருப்பாள், உன்னிடம் சொல்லியிருப்பாள், அதையும் மறைக்காமல் எழுது. அவள் பேசியபடியே, தமிழில் எழுது. முழு வாக்கியமாக இருக்கவேண்டியதில்லை. எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, நான் பேனாவைத் தொடமாட்டேன். போனில் சொல்லாதே, நித்யாவிடம் சொல்லி அனுப்பாதே. நான் எடுத்து எடுத்துப் படிக்கவேண்டும், அதனால் காகிதத்தில் எழுது.

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், 'நாட் வாட்டரிங்' என்று அவள் சொல்லி நாம் சிரித்த அந்த நாளிலிருந்து ஆரம்பி. அன்றைக்குத் தண்ணீர் பிடித்தது யார்? பதில் எழுது.

அம்மா